குளிர்காலத்தில் குதிரைக்குட்டிக்குப் பூச்சி மருந்து: தேதி பார்த்தா, முட்டையை எண்ணியா, வயது பார்த்தா?

ஏப்ரலில் பிறந்த குட்டிக்கு நவம்பரில் ஏழு மாதம் ஆகியிருக்கும். தாயிடமிருந்து பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், குளிர்கால மயிர் அடர்ந்து பார்ப்பதற்கு உருண்டையாகத் தெரியும், வெளியே முதல் உறைபனி விழுந்திருக்கும். கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் எங்களைப் போல நாலைந்து குதிரை வைத்திருப்பவர்களுக்கு எல்லா முடிவும் அந்த இரண்டு வாரத்தில்தான் சேர்ந்து வரும். எந்தப் பூச்சி மருந்தை எப்போது கொடுப்பது, குட்டியை லாயத்துக்குள் அடைப்பதா வெளியில் விடுவதா, லத்தியை அள்ளுவதா பனி மூடட்டும் என்று விட்டுவிடுவதா. இந்த மூன்றையும் தனித்தனியாக யோசித்துத்தான் நான் முதல் இரண்டு வருடம் தடுமாறினேன். ஒன்றுக்கு என்ன முடிவெடுக்கிறீர்களோ அது மற்ற இரண்டையும் மாற்றிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த குதிரைக்கு எழுதிய அறிவுரையை அப்படியே குட்டிக்குப் பொருத்தக் கூடாது, ஏனென்றால் குட்டியின் வயிற்றில் இருக்கும் புழுவே வேறு. ஆறு மாதம்வரை பெரிய எதிரி பாராஸ்காரிஸ் என்ற உருண்டைப்புழு. அரை மீட்டர் நீளம்கூட வளரும். குட்டி விழுங்கும் முட்டை குடலில் பொரிந்து, புழு கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு வந்து, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலில் வந்து வளர்கிறது. இந்தச் சுற்று முடிந்து லத்தியில் முட்டை தெரிய 10 வாரத்துக்கு மேல் ஆகும். வளர வளர குதிரைக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் சக்தி வந்துவிடுகிறது, ஆனால் அதே நேரத்தில் சிறிய ஸ்ட்ராங்கைல் என்ற இன்னொரு கூட்டம் மேய்ச்சல் புல்லிலிருந்து ஏறிக்கொள்கிறது. ஆக, தாய்ப்பால் மறக்கடிக்கும் காலம்தான் ஒரு புழு இறங்கி இன்னொன்று ஏறும் இடம், குளிர்காலமும் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது.

இனி மருந்து கொடுக்கும் மூன்று வழிகள்.

முதல் வழி பழைய வழி: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மருந்தை மாற்றி மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குதிரைக்கும். இது யாரோ சோம்பேறித்தனத்தில் கண்டுபிடித்தது இல்லை. 1966-இல் கென்டக்கியில் டிரட்ஜ், லயன்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைத்த முறை இது, அப்போது இலக்கு பெரிய ஸ்ட்ராங்கைல், அதாவது குடலுக்கு ரத்தம் போகும் குழாயிலேயே போய்க் குடியிருந்து குதிரையைக் கொன்றுவிடும் புழு. அந்த வேலையை இந்த முறை நன்றாகவே செய்தது. பல பண்ணைகளில் அந்தப் புழு கண்ணில் படாமலே போனது. ஆனால் நாற்பது, ஐம்பது வருடம் எல்லோரும் இதையே செய்ததில் மற்ற புழுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்துக்கு மடங்காத உருண்டைப்புழுவை 2002-இல் நெதர்லாந்தில் பதிவு செய்தார்கள், அடுத்த வருடமே இங்கே ஒன்டாரியோவிலும் பதிவானது. எங்கோ தூரத்தில் நடந்த செய்தி இல்லை, எங்கள் மாகாணத்தின் குட்டிகளில் கண்டது. சிறிய ஸ்ட்ராங்கைல் தன் பங்குக்கு ஃபென்பெண்டசோல் மருந்துக் குடும்பத்தை (பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும் இதே குடும்பம்தான்) பல இடங்களில் தோற்கடித்துவிட்டது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயம் இல்லை. என் முதல் ஆண்குட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஐவர்மெக்டின் பேஸ்ட் தவறாமல் கொடுத்தேன், தேதியெல்லாம் லாயக் கதவில் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாம் மாதம் பார்த்தால் வயிறு மட்டும் பானைபோல, முதுகெலும்பு கைக்குத் தட்டுகிறது, மயிரில் பளபளப்பு இல்லை, அவ்வப்போது இருமல். லத்தியைப் பரிசோதித்ததில் உருண்டைப்புழு முட்டை கொத்துக்கொத்தாக இருந்தது. மருந்து கொடுத்தேன் என்பதும் மருந்து வேலை செய்தது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐவர்மெக்டின், பைரண்டல் இரண்டும் புழுவைச் சட்டென்று முடக்கிப் போடுபவை. வயிறு நிறைய உருண்டைப்புழு இருக்கும் குட்டிக்கு இப்படிக் கொடுத்தால் செத்த புழுவெல்லாம் கயிறுபோலத் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடும், பெரும்பாலும் மருந்து கொடுத்த 24 மணி நேரத்துக்குள் கடும் வயிற்றுவலியில் குட்டி உருளத் தொடங்கும். அறுவைச் சிகிச்சை வரை போனாலும் பிழைப்பது எல்லாக் குட்டிக்கும் வாய்ப்பதில்லை. ஃபென்பெண்டசோல் புழுவைப் பட்டினி போட்டு மெதுவாகக் கொல்வதால் முதல் மருந்தாக அதைத்தான் பெரும்பாலான மருத்துவர்கள் சொல்கிறார்கள். அளவும் கவனிக்க வேண்டும்: வளர்ந்த குதிரைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் குட்டியின் உருண்டைப்புழுவுக்கு 10.

இரண்டாவது வழி: லத்தியில் இருக்கும் புழு முட்டையை எண்ணிப் பார்த்து, அதிகம் இருந்தால் மட்டும் மருந்து. வளர்ந்த குதிரைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கிராம் லத்தியில் 200-க்குக் கீழே முட்டை என்றால் குறைவு, 500-க்கு மேலே என்றால் அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு மந்தையில் வெளியேறும் முட்டையில் எண்பது சதவீதம் ஐந்தில் ஒரு பங்கு குதிரைகளிடமிருந்தே வருகிறது, அவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும். பரிசோதனைக்கு ஒரு பேஸ்ட் குழாயைவிடக் கூடுதலாகச் செலவானாலும் அது வீண்செலவு இல்லை.

ஆனால் குட்டிக்கு இது மட்டும் போதாது. காரணம் எளிது: பரிசோதனை முட்டையை எண்ணுகிறது, புழுவை எண்ணுவதில்லை. நுரையீரலில் சுற்றிக்கொண்டிருக்கும் உருண்டைப்புழு முட்டை போடாது. பெருங்குடலின் சுவருக்குள் கூடு கட்டிக்கொண்டு உறங்கும் சிறிய ஸ்ட்ராங்கைல் இளம்புழுவும் முட்டை போடாது. குளிர்காலத்தில் இந்தப் பின்னதுதான் அதிகம். அதனால் ஜனவரியில் எண்ணி "பூஜ்யம்" என்று வந்தால் மனசு குளிர்ந்துவிட வேண்டாம், ஆயிரக்கணக்கான இளம்புழு குடல்சுவரில் இருக்கும்போதும் பூஜ்யம் வரலாம். குளிர்காலக் கடைசியிலோ வசந்தத்தின் தொடக்கத்திலோ அவை மொத்தமாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் கடும் வயிற்றுப்போக்கு, சில நாளில் எலும்பும் தோலும், வந்த குதிரைகளில் பாதிவரை இறந்துபோகும். ஆறு வயதுக்குக் குறைந்த குதிரைகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் பூச்சி மருந்து கிடைக்காது, எண்ணிப் பார்த்துக் கொடுப்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. மருந்தைக் காப்பாற்ற அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிய பண்ணைகளில் அந்தப் பழைய பெரிய ஸ்ட்ராங்கைல் மறுபடி தலைகாட்டியதை அவர்களே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எல்லாக் குதிரைக்கும் அடிப்படை மருந்து வேண்டும் என்பது அதிலிருந்து கற்றது.

மூன்றாவது வழி, நான் இப்போது பின்பற்றுவது: குட்டியின் வயதை வைத்து முதல் வருடத்தில் நான்கு முறை, நடுவில் பரிசோதனை. அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதுதான். ஏப்ரல் குட்டிக்குக் கணக்குப் போட்டால், இரண்டிலிருந்து மூன்று மாதத்தில், அதாவது ஜூன் கடைசி வாக்கில், ஃபென்பெண்டசோல். பால் மறக்கடிக்கும் முன்பு செப்டம்பரில் இரண்டாவது, ஆனால் அதற்கு முன் லத்தியைக் கொடுத்து உள்ளே இருப்பது உருண்டைப்புழுவா ஸ்ட்ராங்கைலா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், எந்த மருந்து என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. மூன்றாவது ஒன்பது மாதம் வாக்கில், நான்காவது ஒரு வயதில், இவை இரண்டும் பெரும்பாலும் ஸ்ட்ராங்கைலுக்கு. இரண்டாம் வருடமும் அதை அதிக முட்டை போடும் குதிரை என்றே வைத்துக்கொண்டு மூன்று நான்கு முறை கொடுக்கிறேன், மூன்று வயதுக்குப் பிறகுதான் பெரியவர்கள் முறைக்கு மாற்றுகிறேன்.

ஒன்பது மாத மருந்தை இங்கே கொஞ்சம் முன்னுக்கு இழுப்பது நல்லது என்பது என் அனுபவம். கடும் உறைபனி இரண்டு மூன்று முறை விழுந்த பிறகு, நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பரில். அந்த நேரத்தில் பாட் ஈ செத்துவிடும், கோடையில் முன்னங்கால் மயிரில் மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருந்த அதன் முட்டைகள் புழுவாகி இரைப்பையில் பற்றிக்கொண்டிருக்கும், ஒரே மருந்தில் அதையும் முடிக்கலாம். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் சேர்ந்த பேஸ்ட்டும் இப்போதுதான் கொடுக்க வேண்டும், ஐவர்மெக்டினோ மாக்ஸிடெக்டினோ தனியாக அதைத் தொடாது. குடல்சுவரில் உறங்கும் இளம்புழுவுக்கு ஒரே தடவையில் வேலை செய்வது மாக்ஸிடெக்டின்தான், ஆனால் இதில் மிகவும் கவனம் வேண்டும்: ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம், மெலிந்த குட்டிக்கும் வேண்டாம், அளவு கூடினால் குட்டி தள்ளாடி விழுந்து நினைவிழக்கும் அளவுக்குப் போகும். எடை நாடாவால் மார்பைச் சுற்றி அளந்து எடையைத் தெரிந்துகொண்டு, குழாயின் வளையத்தை அந்த எடையில் பூட்டிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கு நேர்மாறான தவறு நடக்கும், கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்துவிடுவோம், அரைகுறை அளவுதான் புழுவுக்கு மருந்தைப் பழக்கும்.

மருந்து கொடுத்த 14-ஆம் நாள் ஒரு தடவை மறுபடி எண்ணுங்கள். ஐவர்மெக்டினுக்குப் பின் ஸ்ட்ராங்கைல் முட்டை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும், ஃபென்பெண்டசோலுக்கு 90-க்கு மேல். குறையவில்லை என்றால் உங்கள் மண்ணில் அந்த மருந்து செத்துவிட்டது என்று பொருள், அதை வாங்குவதை நிறுத்திவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே போதும்.

லத்தி எடுப்பதில் குளிர்காலத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் போய்ப் பனியில் கிடப்பதைப் பொறுக்கினால் அது இரவே உறைந்திருக்கும், உறைந்த மாதிரியில் முட்டை கெட்டுப்போய் எண்ணிக்கை குறைந்து காட்டும். குட்டி லத்தி போடும்போதே நின்று எடுக்க வேண்டும், பையில் காற்றைப் பிதுக்கி முடிச்சுப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தீவனம் வைத்த கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான குட்டிகள் போட்டுவிடும், அந்தக் காத்திருப்பில் கால் விறைக்கும், ஆனால் வேறு வழி கிடையாது.

சரி, மருந்து ஒரு பக்கம். குளிரே எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது, நானும் கொஞ்ச காலம் அதை நம்பினேன். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். புல்லில் ஏறிக் காத்திருக்கும் ஸ்ட்ராங்கைல் இளம்புழுவுக்குத் தோல்மேல் இன்னொரு உறை உண்டு, அது எதையும் தின்பதில்லை, உடம்பில் உள்ள சேமிப்பை வைத்துத்தான் உயிரோடு இருக்கிறது. வெயிலில் அது வேகமாக அசைந்து சேமிப்பைச் செலவழித்துச் செத்துவிடும். குளிரில் அசையாமல் கிடந்து சேமிப்பை மிச்சம் பிடிக்கும், மேலே பனி ஒரு போர்வைபோல மூடிவிட்டால் வசந்தம்வரை தாங்கும். உறைந்து உருகி உறைந்து உருகினால் கொஞ்சம் சாகும், அவ்வளவுதான். உருண்டைப்புழு முட்டைக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் லத்தியை இழுவைச் சட்டத்தால் புல்மேல் பரப்பிவிடுவது கடும் வெயிலில், மழை இல்லாத வாரத்தில், அந்த நிலத்தைக் கொஞ்ச வாரம் காலியாக விட முடிந்தால் மட்டும் சரி. அக்டோபர் ஈரத்தில் அதைச் செய்வது வயல் முழுக்க விதை தூவுவதற்குச் சமம்.

ஆகவே அள்ளுவதுதான் வழி. கோடையில் வாரம் இரண்டு முறை, ஏனென்றால் வெதுவெதுப்பில் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து புல்லேறத் தயாராகிவிடும். குளிர்காலத்தில் முட்டை பொரியாது என்பதால் அவசரம் இல்லை, ஆனால் கணக்கு மார்ச்சில் வந்து நிற்கும். நான் செய்வது இது: நவம்பரில் குட்டிகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து முழுக்க எடுத்து, ஒரு சிறிய அடைப்புக்கு மாற்றிவிடுகிறேன், புல் இல்லாத, சரளை போட்ட இடம். மேய்ச்சல் நிலத்தைக் கடைசியாக ஒருமுறை அள்ளி மூடிவிட்டால் ஐந்து மாதம் அங்கே ஒரு லத்திகூட விழாது. அடைப்பில் விழுவதை அள்ளுவது எளிது, கல்லாக உறைந்த உருண்டைகள் முள்கரண்டியில் சுத்தமாக ஏறும். பாதி உறைந்து தரையோடு ஒட்டியதைப் போராடாமல் விட்டுவிட்டு அடுத்த இளகலில் எடுத்தால் போதும். குவியலைப் பெரிதாக, குறைந்தது ஒரு கன மீட்டருக்கு மேல் வைத்தால்தான் உள்ளே சூடு நிற்கும், 55 பாகை செல்சியஸுக்கு மேலே சில நாள் நின்றால் முட்டை சாகும். மக்காத லத்தியைக் குட்டி மேயும் நிலத்தில் கொட்டவே கூடாது.

இப்போது லாயமா வெளியா. லாயத்துக்குள் அடைத்தால் நமக்கு மனநிம்மதி, காற்று அடிக்கும்போது குட்டி நடுங்குமோ என்ற கவலை இல்லை, தீவனம் சரியாகப் போகிறதா என்று தெரியும். ஆனால் குட்டிக்கு அது நல்லதில்லை என்றே நினைக்கிறேன். மூடிய லாயத்தில் சிறுநீரின் அம்மோனியா நெடியும் காய்ந்த புல்லின் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும். உருண்டைப்புழு முட்டை பசைபோல ஒட்டுவது என்பதால் லாயச் சுவர், தீவனத்தொட்டி, தாயின் மடி என்று எங்கும் ஒட்டிக்கொண்டு வரப்போகும் குட்டிகளுக்கும் காத்திருக்கும். கிருமிநாசினி அதைக் கொல்லாது, கொதிநீராவியும் தேய்ப்பும்தான். எலும்பு விஷயமும் இருக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் லாயத்தில் வளர்ந்த இளங்குதிரைகளையும் வெளியில் வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டபோது, அடைத்து வைத்தவற்றின் எலும்பில் தாதுச்சத்து குறைந்திருந்தது. ஓடாத குட்டிக்கு எலும்பு உறுதியாகாது.

வெளியில் விடுவது என்றால் திறந்தவெளியில் நிறுத்துவது என்று அர்த்தம் இல்லை. மூன்று பக்கம் சுவர், தெற்கே திறப்பு, மேலே கூரை, கீழே காய்ந்த படுக்கை. எங்கள் பக்கம் காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும், அதற்கு முதுகைக் காட்டி நின்றால் குட்டிக்குக் குளிர் பெரிய விஷயம் இல்லை, நனைவதுதான் விஷயம். நனைந்த மயிர் சூட்டைப் பிடிக்காது. உறைமழை பெய்யும் இரவில் மட்டும் நான் குட்டிகளை உள்ளே கொண்டுவருகிறேன், மெலிந்த குட்டியோ இருமும் குட்டியோ இருந்தால் அதையும். மற்றபடி பூஜ்யத்துக்குக் கீழே 15 பாகையிலும் அவை கூரைக்கு வெளியேதான் விளையாடுகின்றன.

வெளியில் விட்டால் உங்கள் வேலை கூடும் என்பதை மறைக்கவில்லை. உடம்புச் சூடு பெருங்குடலில் நார் புளிப்பதிலிருந்து வருகிறது, ஆகவே குளிர் ஏற ஏறக் காய்ந்த புல் கூடுதலாக வைக்க வேண்டும், தானியத்தைக் கூட்டுவது அந்த வேலையைச் செய்யாது. புல்லைத் தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள், தரையில் போட்டால் லத்தியோடு சேர்த்துத் தின்னும், மருந்துக்குச் செலவழித்தது அங்கேயே போய்விடும். தண்ணீர் இன்னும் முக்கியம். பனியைத் தின்று சமாளிக்கட்டும் என்று விட்டால் காய்ந்த புல் குடலில் இறுகி அடைப்பு வரும். சூடேற்றும் வாளியா, வீட்டிலிருந்து வெந்நீர் சுமப்பதா என்று கேட்டால், மின்சாரம் இருக்கும் இடத்தில் சூடேற்றும் வாளிதான், ஒரு நாளைக்கு மூன்று முறை சுமப்பேன் என்ற உறுதி பிப்ரவரியில் நிற்காது. ஒயரைக் குட்டி கடிக்காதபடி குழாய்க்குள் விட வேண்டும், குட்டி திடீரென்று வாளியை விட்டு விலகி நின்றால் மின்கசிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாகக் குழாய் பதிப்பவர்கள் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பதியுங்கள், தெற்கு ஒன்டாரியோவில் உறைவு அதுவரை இறங்கும்.

வாரம் ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு விலா, முதுகு, வால் அடி மூன்றையும் அழுத்தித் தடவிப் பாருங்கள். குளிர்கால மயிர் எல்லாவற்றையும் மறைக்கும், கண்ணுக்குக் கொழுத்த குட்டி கைக்கு எலும்பாக இருக்கும். அப்போதே பிடரி மயிரையும் வால் அடியையும் வகிர்ந்து பேன் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். குதிரைப் பேன் குளிர்காலத்துப் பூச்சி, நெருங்கி நிற்கும் குட்டிகளுக்குள் வேகமாகப் பரவும், ஒன்று வேலியில் உரசத் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் மருந்துத்தூள் போட வேண்டும், ஈர் பொரியும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மனிதருக்கு இது ஒட்டாது, பயப்பட வேண்டாம்.

ஒரு குட்டி மட்டும் வைத்திருப்பவர், பெரிய மேய்ச்சல் நிலம், முன்பு அங்கே குதிரையே இருந்ததில்லை என்றால் என் கணக்கை மருத்துவரோடு பேசித் தளர்த்திக்கொள்ளலாம், உருண்டைப்புழு அங்கே வர வழி குறைவு. வருடாவருடம் அதே அடைப்பில் குட்டி ஈனும் பண்ணை என்றால் தளர்த்தவே முடியாது. பத்து ஏக்கரில் மாடும் இருந்தால் குதிரை மேய்ந்த இடத்தில் அடுத்த பருவம் மாட்டை விடுங்கள், குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் அழிந்துவிடும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை நான் அள்ளும்போது லத்தியின் வடிவத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்றுவரை உருண்டையாக இருந்தது இன்று குழம்பாகி, குட்டி தீவனத்தை விட்டுத் தலை தொங்கி நின்றால், குடல்சுவரிலிருந்து இளம்புழு கிளம்பியதாக இருக்கலாம். அந்த நேரத்தில் அலமாரியில் இருக்கும் பேஸ்ட்டை எடுக்காதீர்கள், முட்டை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.